பாடினி எயினியின் குரலைக் களவாடியது குறித்துக் குன்றை மன்னருக்கு

மருதவேலி நாட்டை ஆளும் பெருந்தேவி வேண்மாளின் ஆணையால், அவர்தம் முதலமைச்சன் ஆதன் எழினி, குன்றை நாட்டு மன்னர் இளஞ்சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் ஏரிகள் நிறைக. உம் உழவரும் நெசவாளரும் நலம் பெறுக. மன்னருக்கு உரிய வாழ்த்தை எழுத எம் தேவியார்க்கு மனம் வரவில்லை. அந்த வரி எழுதப்படாமலே நிற்கட்டும்.

சென்ற இளவேனில் விழாவுக்கு எம் நாட்டுப் பாடினி எயினியை நீர் அழைத்தீர். கல்லாற்றுப் போரில் கணவன் சாத்தனை இழந்தபின் பாடுவதையே விட்டிருந்தவள் அவள். போருக்குப்பின் நாம் செய்த உடன்பாட்டால் இரு நாட்டுக்கும் இடையே பகை ஓய்ந்ததே என்று மனம் தேறி, உம் அவையில் சாத்தனுக்கான இரங்கற்பாட்டைப் பாடினாள். உம் கலைமன்றத்தார் அவள் எதிரே ஓர் எண்பொறியை வைத்தனர். ஒலியை எண்களாக்கிச் சேமித்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி அது என்றும், அவைக்கு வர இயலாத முதியோர் கேட்பதற்கே என்றும் கூறினர். அவள் நம்பினாள்.

மழைக்காலம் பிறக்குமுன் அப்பொறிகள் எம் சந்தைகளுக்கு வந்தன. அவற்றிலிருந்து எயினியின் குரல், அவள் ஒருநாளும் பாடாத பாட்டைப் பாடிற்று. கல்லாற்றில் மாண்ட எம் வீரரைப் புறமுதுகிட்டு ஓடியவர் என்று எள்ளும் பாட்டு அது. சேமித்த எண்களைக் கலைத்து அடுக்கி, எந்தச் சொல்லையும் அவள் வாயில் திணிக்க உம்மவர் கற்றிருந்தனர். சாத்தனின் பெயர் வருமிடத்தில், அன்று உம் அவையில் அவள் விம்மிய விம்மலையும் எடுத்து ஒட்டியிருந்தனர்.

ஊரார் அவள் வாசலில் சாணத்தைக் கரைத்து ஊற்றினர். சாத்தனின் தாய் அவளை உள்ளே விடவில்லை.

"என் மவன் செத்தத ஏளனமாப் பாடித்தான் நீ பேரு வாங்கணுமா?"

"நான் பாடவே இல்ல, அத்தை."

அவள் அப்படிச் சொன்ன குரலும் சந்தையில் ஒலித்த குரலும் ஒன்றாகவே இருந்தன. பிறகு எப்படி நம்புவாள் அந்தத் தாய்?

எயினி நடந்தே தலைநகர் வந்து முறையிட்டாள். நாம் உம் கலைமன்றத்துக்குத் தூதர் விடுத்தோம். அவர்கள் மறுக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. குரல் எண்ணாக மாறியபின் அது பாடியவளுடையது அன்று, பொறியை உடையவருக்கே உரியது என்று பதிலுரைத்தனர். விளைந்த நெல் அதை அளந்தவனுக்கே சொந்தம் என்று உம் நாட்டு உழவரிடம் சொல்லிப் பாரும். என்ன நடக்கும் என்று தெரியும்.

அந்த எண்களையெல்லாம் மீட்டுத் தருவோம் என்று தேவியார் எயினியிடம் கூறினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"திருப்பிக் குடுத்தாலும் எத்தனையோ படி எடுத்து வச்சிருப்பாக, தாயே. அது நான் பாடினதில்லன்னு எங்க அத்தைகிட்ட அவுகளே வந்து சொல்லட்டும். எனக்கு அது போதும்."

அதைக் கேட்டுத் தேவியார் அரியணையை விட்டு எழுந்து நின்றார். அவர் அவ்வளவு சினந்து நாம் கண்டதில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம். படை இன்றிக் கல்லாற்றைக் கடந்து நீர் வரவேண்டும். அந்தத் தாயின் முன் நின்று, உம் வாயால் உண்மையைச் சொல்லவேண்டும். வராவிடில் உடன்பாடு முறிந்தது என்று கொள்க. மறுமொழியைப் பொறியில் ஏற்றி அனுப்பவேண்டா. அது உம் குரலாகவே இருந்தாலும் இந்நாட்டில் இனி எவரும் நம்பமாட்டார்.

இட்டது தேவியாரின் முத்திரை. எழுதியது எழினியின் கை.