சமையற்காரரின் விரல்

அன்பு மிகுந்த என் இல்லாளுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? இதில் எழுத நினைத்தவை:
1. நான் நலம்.
2. விடுதிக்கு வந்த மருத்துவக் குழு.
3. நீ அனுப்ப வேண்டியவை.

எங்கள் தொழிலாளர் விடுதியில் எல்லோருக்கும் விரலில் குத்திச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால் வேலை போய்விடும் என்று ஒரு பேச்சு. அதனால் என் அறையில் நான் உட்பட ஆறு பேரும், விடுதியிலேயே ஒல்லியானவரான சமையற்காரரை எங்கள் பெயர்களில் அனுப்பினோம்.

“பயப்படாதீங்க பெரியவரே, என் ரத்தத்துக்கு எறும்புகூட வராது” என்றார் அவர்.

முடிவு வந்தது. ஆறு பேருக்கும் ஏகப்பட்ட சர்க்கரை.

“ஒரே ரத்தம். இனிமே நாம பங்காளிங்க” என்று எங்கள் அறையிலிருக்கும் டிரைவர் சிரித்தார். சமையற்காரர் சிரிக்கவில்லை.

எங்கள் ஆறு பேரையும் ஒன்றாக வெள்ளிக்கிழமை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் ஆள்மாறாட்டம் வெளிப்பட்டுவிடும். போகாவிட்டால் மேலாளர் கூப்பிடுவார். விட்டுவிட்டு ஊருக்கு வரலாமென்றால் பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது. என் விரலையே நீட்டிவிடலாம் என்று காலையில் தோன்றுகிறது. மாலைக்குள் தைரியம் கரைந்துவிடுகிறது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. செருப்பு கழன்று விழுந்தாலும் இப்போது கால் உணர்வதில்லை. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, கண் மங்குகிறது. என்ன சமைத்தாய் என்றாவது அடிக்கடி எழுது.

கிடங்குக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

வண்டியில் உட்கார்ந்து திரும்பப் படித்தேன். முதல் குறிப்பு தவறு. குத்திப் பார்த்தது சமையற்காரரை. நான் நலமா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.