நமக்கு எட்டாமல் போன ஊசி

அண்ணா,

இன்று வருடாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். சிறுநீரகத்தில் சின்னக் கட்டி என்றால் இனி வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தோல் வழியே ஊசி செலுத்திக் கட்டியை மட்டும் உறைய வைத்து அழித்துவிடலாம் என்று போட்டிருந்தது. நர்ஸ் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் என் காதில் விழவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது நீ யாரையும் கேட்கவில்லை. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாய். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, "எனக்கு ஒண்ணு போதும்மா, வண்டி ஓடும்" என்றாய். ஏழு வருடம் ஓடியது. பிறகு, உன்னிடம் மிஞ்சியிருந்த அந்த ஒன்றில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"வெளிநாட்டுல ஊசி விட்டு உறைய வெச்சுடறாங்க. நம்மகிட்ட அந்த மிஷின் இல்ல. கட்டியை மட்டும் வெட்டி எடுக்கப் பாக்கறோம்" என்றார் டாக்டர். பார்த்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று அவர் வெளியே வந்து சொன்னபோது, அண்ணி என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

நீ கண் விழித்ததும், "உன்னோடத நீயே எடுத்துக்கோண்ணா" என்று அழுதேன்.

"லூசு மாதிரி பேசாத. குட்த்தத எவனாவது திருப்பி வாங்குவானா?"

அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாததால் நாளெல்லாம் சேர்த்து உனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். எனக்கோ, நீ கொடுத்த சிறுநீரகம் கெடாமலிருக்க மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். கடலைப் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டதால் மாமல்லபுரம் போனோமே, நல்ல பங்குனி வெயில். பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போனேன். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கினு குடிக்கற? இங்க வா. என் எதிர்லயே குடி. அது காயக் கூடாது."

குடித்தேன். உன் உதடுகள் வெடித்திருந்தன. தண்ணீர் இறங்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஆடிக்கு நீ இல்லை.

"நல்லா வேலை செய்யுது. தண்ணி மட்டும் விடாம குடிங்க" என்றார் இன்று டாக்டர். குடிக்கிறேன் அண்ணா, ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் எதிரில் யாராவது இருந்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிக்க முடிகிறது.