ஈர எடை

மார்ச் 4
இன்று பன்னிரண்டு இடங்கள் முடிந்தன. குலுக்கலில் வந்த எண் காட்டும் இடத்தில் ஒரு மீட்டர் சதுர இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை புல் குத்து, எவ்வளவு வெறும் மண் என்று எழுதி, பிறகு புல்லை ஒட்ட அறுத்துப் பையில் போட வேண்டும். எண் என்னவோ பாறை பாறையாகத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. அண்ணன் ஆடுகளோடு வந்து வேடிக்கை பார்த்தான்.

"ரெண்டடி தள்ளி வையேன், அங்க நல்ல பச்சையா இருக்கு."

முடியாதுண்ணே என்றேன். "கூடப் பொறந்தவன்னு ஒரு இரக்கம் உண்டா பாரு" என்று சிரித்தான். இந்தப் புல்லின் உலர் எடையை வைத்துத்தான் அங்கே எத்தனை ஆடு மேயலாம் என்று எங்கள் அலுவலகம் அவனுக்கு அனுமதி தருகிறது. போன வருடம் நாற்பதை நூற்றிருபதாக உயர்த்தினோம். அந்தச் சந்தோஷத்தில், தன்னிடம் இருந்த துண்டு நிலத்தை விற்று ஆடு வாங்கினான்.

மார்ச் 7
உலர்த்தும் அடுப்பில் காய்ந்த பைகளை நிறுத்தேன். சராசரி இருபத்தொரு கிராம். போன வருட அறிக்கையில் நூற்றெண்பது! தராசு கெட்டுவிட்டதா? ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். தராசு சரி.

மார்ச் 8
பழைய களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நூற்றெண்பது என் கையெழுத்துதான், பென்சிலில். அந்த வாரம் உலர்த்தும் அடுப்பு பழுது. மழையில் நனைந்த புல்லை அப்படியே நிறுத்து, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று உலர் எடைப் பத்தியில் எழுதிவைத்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று லீவில் போனேன். திரும்பியபோது அறிக்கை தட்டச்சாகிப் போய்விட்டிருந்தது. நான் எதையும் சரிபார்க்கவில்லை.

காய்ந்திருந்தால் அறுபதுதான் நின்றிருக்கும். இல்லாத புல்லுக்கு ஆட்டைக் கூப்பிட்டது நான். பதினாலு வருஷ வேலை — ஒரு பையைக் காயவச்சு நிறுக்கத் துப்பில்லையே எனக்கு?

மார்ச் 9
குறிப்பேட்டை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 11
அதிகாரியிடம் குறிப்பேட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை மூடி என் பக்கமே தள்ளினார்.

"அறிக்கை மேல போயாச்சும்மா. இப்ப தப்புன்னா கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் பதில் சொல்லணும்."

"அப்ப புல் குறைஞ்சதுக்கு என்ன சார் எழுதுறது?"

"அளவுக்கு மீறி மேய்ச்சுட்டாங்கன்னு எழுது. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். ஆனால் அனுமதிக்கு மேல் ஒரு குட்டியைக்கூட அண்ணன் விட்டதில்லை. இதைச் சொன்னதற்கு, "யாரு எண்ணிப் பாத்தா?" என்றார். அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்திருக்க முடியும்? தெரியவில்லை.

மார்ச் 20
உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வருடம் மேய்ச்சல் தடை. காரணம், மேய்ப்பவரின் பொறுப்பின்மை.

அண்ணன் தாளோடு வந்தான். "நான் என்னம்மா பண்ணேன்? நீங்க சொன்ன கணக்குதானே?" அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். சொல்லிவிட வாயெடுத்தேன். "தண்ணி குடிக்கிறியாண்ணே" என்றுதான் வந்தது. வெட்கங்கெட்டவள் நான்.

ஏப்ரல் 2
அண்ணன் விற்ற ஆடுகளை லாரியில் ஏற்றினார்களாம். நான் போகவில்லை.

ஜூன் 16
தடை போட்ட நிலத்தில் புல் அளக்க எங்கள் அலுவலகம் நாள்கூலிக்கு ஆள் கேட்டிருந்தது. காலையில் போனால், அரிவாளோடு அண்ணன் நிற்கிறான். என்னைவிட ஒட்ட, சுத்தமாக அறுத்தான். பையைத் தராசுக்குக் கொண்டுபோனவனைத் தடுத்தேன்.

"இப்ப வேண்டாம்ணே. காயவச்சுதான் நிறுக்கணும்."

"காஞ்சா எவ்வளவு நிக்கும்?"

"மூணுல ஒரு பங்கு."

பையைக் கையில் தூக்கிப் பார்த்தபடியே நின்றான். "போன வருஷமும் காயவச்சுதான் நிறுத்தீங்களா?"

"இல்லண்ணே. நான்தான்..."

அவன் பையின் வாயை இறுக்கிக் கட்டினான். இரும்புச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அடுத்தது எங்க வைக்கணும், மேடம்?" என்றான்.