கோர்ட்டில் இருப்பதாக அண்ணன் சொன்ன உயில்

மார்ச் 3

அண்ணனுக்குப் போன் செய்தேன். அதே பதில். "உயில் கோர்ட்ல இருக்கும்மா. அது செல்லும்னு கோர்ட்டே சொல்லணும், அதான் புரொபேட். உனக்கு இப்ப என்ன அவசரம்?" அப்பா போய் ஏழு மாதமாகிறது. எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்றால் வக்கீலைக் கேட்கச் சொல்கிறான். வக்கீல் யார் என்றால் சிக்னல் போய்விடுகிறது. யாருக்குக் காது குத்துகிறான்?

மார்ச் 4

இன்று ஒருவன் வந்து வீட்டை அளந்தான். "உங்க அண்ணன்தான் அனுப்பினாரு. விக்கப் போறாராமே." அடுப்பில் பால் பொங்குகிறது, நான் நிற்கிறேன், என் சமையலறையில் அவன் டேப் பிடிக்கிறான்!

பதினொரு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்ட வீடு. போ என்றால் எங்கே போவேன்? இரண்டு வருடம் முன்பு அப்பா உயிலை மாற்றி எழுதினார், ஆளுக்குப் பாதி என்று. என்னிடமே சொன்னார். எதிர்வீட்டுத் தையல்காரரும் ஒரு சாட்சி. அலமாரியிலிருந்த காகிதங்களையெல்லாம் அண்ணன் அள்ளிக்கொண்டு போனபோது வாயை மூடிக்கொண்டு நின்றேனே — என்னைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 7

அச்சகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டு ரெக்கார்டு அறைக்குப் போனேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை. "இறந்தவர் பேரு, இறந்த தேதி, கடைசியா இருந்த விலாசம்." சொன்னேன். "இறப்புச் சான்றிதழ்?" அதுவும் அண்ணனிடம். "அப்ப நகல் வாங்கிட்டு வாங்கம்மா."

நகராட்சியில், நான் மகள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். செத்தது என் அப்பா!

மார்ச் 8

ஒன்றும் ஓடவில்லை. ஒரு பக்கத்தையே மூன்று தடவை திருத்தினேன்.

மார்ச் 12

சான்றிதழ் நகலைக் காட்டியதும் கோர்ட்டில் கட்டு கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் மனுப் போட்டு ஐந்து மாதமாகிறது. அதோடு கொடுத்திருக்கும் உயில் பதினெட்டு வருடப் பழசு, நான் கல்யாணமாகிப் புருஷன் வீட்டில் இருந்தபோது எழுதியது. வீடு முழுக்க மகனுக்கு. பின்னால் ஒரு தாள்: 'மகளுக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே என் கையெழுத்து.

"இது நீங்க போட்டதுதானே?" என்றார் குமாஸ்தா. ஆமாம், நானேதான். அப்பா போன இரண்டாம் வாரம், "பென்ஷன் பேப்பரு, சீக்கிரம் போடு" என்று அண்ணன் ஒரு காகிதக் கட்டை நீட்டினான். அச்சகத்தில் என் வேலையே பிழை திருத்துவது. ஊரார் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிப்பவள். அண்ணன் கொடுத்ததைப் படித்தால் அவனைச் சந்தேகப்படுவதாக ஆகுமே என்று பேனாவை மட்டும் வாங்கினேன். என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான். பாவி! கூடப் பிறந்தவளிடமா?

"உத்தரவு ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. இருபத்தாறாம் தேதி வருது."

மார்ச் 13

தையல்காரரிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டார். "புது உயில்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எந்தக் கோர்ட்ல வேணாலும் வந்து சொல்றேன்." அச்சகத்துக்கு வரும் வக்கீலம்மா மனு எழுதித் தருகிறார்.

மார்ச் 20

என் ஆட்சேபணை நோட்டீஸ் அண்ணனுக்குப் போய்விட்டது போல. ஒன்பது முறை போன். எடுக்கவில்லை.

மார்ச் 26

"படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க? என்ன வேலை பாக்கறீங்க?" என்று நீதிபதி கேட்டார். சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். சம்மதத்தை நான் திரும்பப் பெற்றது பதிவானது. இன்று உத்தரவு இல்லை, இனி விசாரணைதான்.

வராந்தாவில் அண்ணன் குரலில் தேன் ஒழுகியது. "நமக்குள்ள எதுக்கும்மா கோர்ட்டு? பேசி முடிச்சுக்கலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடு." நான்கு தாள். பேனா மூடியைக்கூட அவனே திறந்து வைத்திருந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். "எல்லாம் வழக்கமா எழுதறதுதான்" என்றான். மூன்றாம் தாளில், அறுபது நாளில் வீட்டைக் காலி செய்ய நான் சம்மதிப்பதாக இருந்தது.

அவன் பேனாவாலேயே அந்த வரியை வட்டமிட்டு, ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை.