சிந்திய ஒயின்

தூரின்,
14 அக்டோபர் 1928

அன்பு மகன் ஒத்தாவியோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை, டெட்ராய்ட் குளிரில் நீயும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல்.

ரொவேதா கார் கம்பெனியை மூடிவிட்டார்கள். போன சனிக்கிழமை கடைசிச் சங்கு ஊதியது. தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேராக ஆரம்பித்தோம், அப்புறம் அரண்மனைகளுக்கெல்லாம் கார் அனுப்பினோம், ஆயிரம் குடும்பம் பிழைத்தது. போருக்குப் பிறகு மற்றவர்கள் சின்ன வண்டி செய்தார்கள், டாக்டரும் வாத்தியாரும் அதைத்தான் வாங்கினார்கள், நாங்கள் மட்டும் ஓடும் எஞ்சின் மேல் தளும்பத் தளும்ப ஒயின் கிளாஸை வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் இருந்தால்தான் வண்டி வெளியே போகலாம் என்று உட்கார்ந்திருந்தோம். கிளாஸை வைப்பது என் கை அல்லவா, எனக்குத் தலைகால் புரியாத கர்வம்.

ஆறு வருஷத்துக்கு முன் நீ செய்த சின்ன வண்டியை முதலாளி முன்னால் நிறுத்தினாய், எஞ்சின் உதறியதில் ஒயின் முழுக்கக் கொட்டியது. "டேய், இது காரா, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினா?" என்று நான் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள், முதலாளி மட்டும் சிரிக்காமல், "நீங்க பாஸ்னு சொன்னா பத்து வண்டி செஞ்சு பாக்கலாம், செக்கோந்தோ" என்றார். நான் சாக்கட்டியால் கதவில் 'தேறவில்லை' என்று எழுதினேன். மகன் என்பதால் விட்டுக்கொடுத்தான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம், வேறொன்றுமில்லை. அடுத்த மாதமே நீ அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய்.

கடைசி நாளன்று பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் உன் வண்டி நின்றது, என் எழுத்துகூட அழியவில்லை. யாருக்கும் வேண்டாம், ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு சூப்பெர்கா மலைக்குப் போனேன், பல்லெல்லாம் ஆடுது என்று வழிநெடுகத் திட்டினாள். நம் பெரிய வண்டிகள் தண்ணீர் கொதித்து நின்றுவிடும் வளைவிலும் அது நிற்கவில்லை. மேலே போய் இறங்கியதும், "ஒயின்தானே சிந்துச்சு, மலை ஏறிடுச்சே. இதைப் போயா வேண்டாம்னீங்க, பாவி மனுஷா" என்று அழுதாள். கைக்குட்டையை நனைத்து நானே கதவைத் துடைத்தேன். தப்பு என்னுடையதுதான் மகனே.

எனக்காக வேண்டாம், அம்மாவுக்காக ஒரு தடவை வந்து போ, ஸ்டேஷனுக்கு உன் வண்டியிலேயே வருகிறேன். கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே. மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தேறாத உன் அப்பா
செக்கோந்தோ