பெயின்டிங்குக்குப் பிடித்த ஒரு மாத வாடகை

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீஸில். இன்றைய வேலைகள்: கொரியாக்காரர் வீட்டுக்கு கேஸ் இணைப்பு. ஜெர்மன்காரருக்கு வேலைக்கு ஆள் (இது மூன்றாவது ஆள், யாரும் அவருக்குச் சரிப்படவில்லை). லூர்தஸின் அட்வான்ஸ்.

லூர்தஸ் ஊருக்கே திரும்புகிறாள். பிலிப்பைன்ஸ். மழலையர் பள்ளி டீச்சர் வேலை, இரண்டு வருடம் முடிந்தது. தொம்மலூரில் ரத்னம்மா வீட்டு மூன்றாவது மாடியை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு பார்த்துத் தருவதுதானே எங்கள் பிழைப்பு. வங்கிக் கணக்கை மூடிவிட்டாளாம். அதனால் அட்வான்ஸை ரத்னம்மாவிடம் ரொக்கமாக வாங்கி, நான் அவளிடம் கொடுக்க வேண்டும்.

காலையில் போனில் அவளிடம் சொன்னேன்: "ஒரு மாச வாடகையை பெயின்டிங்குக்குப் பிடிச்சுப்பாங்க. பெங்களூர்ல அதான் வழக்கம்." யோசித்துச் சொன்னதில்லை. பதினொரு வருடமாக, வீடு காலி பண்ணும் எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம். வாய்க்குப் பழகிவிட்டது.

மதியம் ரத்னம்மா கவரை நீட்டினார். கீழ்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கை முழுக்க மாவு, கவரிலும் மாவு.

"முழுசா இருக்கு, எண்ணிக்கோ ஜெயா. பெயின்ட்டுக்கு ஒண்ணும் புடிக்கல. ஹால அந்தப் பொண்ணே அடிச்சிருக்கா. நோடு, எவ்ளோ நீட்டா அடிச்சிருக்கா!"

பஸ்ஸில் ஜன்னலோரம். லூர்தஸ் ஒரு மாதம் குறையும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரத்னம்மா முழுசும் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ரத்னம்மாவுக்குத் தமிழும் கன்னடமும். லூர்தஸுக்கு ஆங்கிலம். இரண்டு வருடமாக அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் வாய் வழியாகத்தான். ஒரு மாத வாடகை, இருபத்திரண்டாயிரம் ரூபாய், கேட்பார் யாருமில்லாமல், என் கைப்பையில்.

ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தேன்.

மாலை லூர்தஸிடம் மீதியைக் கொடுத்தேன். அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "தேங்க்யூ, ஆத்தே." அவர்கள் பாஷையில் அக்காவுக்கு அப்படித்தான்.

ஜூன் 4, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ஃப்ரிட்ஜ் வந்தது. இரண்டு கதவு, சாம்பல் நிறம். பழையதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷைனி காலேஜிலிருந்து வந்ததும் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

"ஏதும்மா காசு?"

"இன்சென்டிவ்."

காலேஜ் ஃபீஸ் கட்டினேன், யாருக்கோ ஆபரேஷன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. ஃப்ரிட்ஜ்.

கோலாரில் அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்தால் கேட்டில் சோதனை போடுவார்களாம். ஒருநாளும் தன்னிடம் ஒன்றும் அகப்பட்டதில்லை என்று அவர் சொன்னதை எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். ஆபீஸில் போன வாரம்கூட.

ஜூன் 5, வியாழன்

லூர்தஸ் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கையில் பெயின்ட் கடை பில். டிசம்பரில் ஹாலுக்குத் தானே அடித்தது, தன் காசில்.

கோபமில்லை. கணக்கு டீச்சர் மாதிரி நிதானமாகக் கேட்டாள்: "பெயின்டிங்குக்குப் பிடித்தார் என்றால் அதற்கு பில் எங்கே, ஆத்தே? இன்னும் யாரும் வந்து அடிக்கவே இல்லையே?"

"இங்க பில் எல்லாம் கேக்க மாட்டாங்க. வழக்கம்."

"வழக்கம் என்றால் சட்டமா?"

நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டாளாம். வீட்டுக்காரர் அட்வான்ஸ் தராதது வேறு வகை வழக்கு, அதற்கு வக்கீலைப் பாருங்கள் என்றார்களாம். நடுவில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்த ஏஜென்ட் யாராவது உண்டா, அவர்கள் மேல் புகார் தரலாம் என்றும் சொன்னார்களாம்.

"ஏஜென்ட் உண்டு, ஆனால் அவர் என் அக்கா, அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். மேனேஜர் பக்கத்தில் இருந்தார், அதனால் சொல்லவில்லை. பொய். மேனேஜர் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் போன பிறகு மேனேஜர்: "ஃபாரினர்ஸுக்கு வேற வேலை இல்ல. ரெண்டு நாள் கத்திட்டு பிளைட் ஏறிடுவாங்க."

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. இரண்டு குடத்தில் ஒப்பேற்றியது.

லூர்தஸிடமிருந்து வாட்ஸ்அப். பெங்களூருக்குப் புதிதாக வரும் அவள் ஊர்ப் பெண்களுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். தண்ணீர் கேன் எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு, எந்தக் கடையில் அவர்கள் ஊர் வினிகர் கிடைக்கும், எல்லாம். குழுவில் நூறு பேருக்கு மேல். இன்று இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். இடப் பெயர்களில் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஒன்று: தொம்மலூரில் கீழே மாவுக்கடை உள்ள வீடு. வாடகைக்குப் போகாதீர்கள். வீட்டுக்கார அம்மா ஏமாற்றுகிறார்.

இரண்டு: நம்பிக்கையான ஆள், ஆத்தே ஜெயா. அதன் பக்கத்தில் என் நம்பர்.

ரத்னம்மாவுக்கு அந்த மாடி வாடகைதான் சாப்பாடு. மாவில் வருவது கரண்டு பில்லுக்குப் போய்விடும். லூர்தஸுக்கு முன்னால் இருந்ததும் அவள் ஊர்ப் பெண்தான். அடுத்து வருகிறவளும் இந்தக் குழுவிலிருந்துதான் வர வேண்டும்.

"எழுத்துப்பிழை இல்லை" என்று பதில் போட்டேன். கூடவே ஒரு பூ. ஏன் பூ போட்டேன்?

ஜூன் 7, சனி

வெயிலும் தூறலும்.

ரத்னம்மா போன்: "ஏன் ஜெயா, அந்தப் பொண்ணு என் மூஞ்சியே பாக்க மாட்டேங்குது? மாடிப்படில எதிர்ல வந்தா தலைய குனிஞ்சிக்கிட்டுப் போவுது. நான் என்ன பண்ணேன்? நீ வந்து கேட்டுச் சொல்லு."

போனேன். மாவுக்கடை வாசல். இந்தப் பக்கம் ரத்னம்மா, அந்தப் பக்கம் லூர்தஸ், நடுவில் நான்.

ரத்னம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். புதுசு. மூடியில் அவள் பெயரைத் தமிழில் வெட்டச் சொல்லி வாங்கியிருக்கிறார். உள்ளே ரவை உருண்டை. "ஊருக்குப் போறப்ப தின்னட்டும். வழியில பசிக்கும், பாவம்."

லூர்தஸ் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முதலில் பெயின்டிங் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இனிப்பு தரட்டும்."

"என்னவாம்?"

நான் சொன்னேன்: "பெட்டில எடம் இல்லையாம்க்கா."

ரத்னம்மா முகம் சுருங்கியது. "பர்வாகில்லா" என்று சொல்லி டப்பாவை மாவுக் கிரைண்டர் மேல் வைத்தார். வாடிக்கையாளர் வந்ததும் மாவு அள்ளப் போய்விட்டார். அள்ளும்போது இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது.

லூர்தஸ் கேட்டாள்: "பில்லுக்கு என்ன சொன்னார்?"

"தர மாட்டாராம்."

இதைச் சொன்னதும் நான்தான். இதே வாய்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகவில்லை. ஷைனி திரும்பிப் பார்த்தாள். "தலவலி."

பிறகு ஒன்றும் செய்யவில்லை. மீன் வாங்கினேன். கழுவும்போதே நாளைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் ஊருக்குப் போய்விட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினைந்தாம் தேதி பிளைட். ஏழே நாள்தான், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இப்படிக் கணக்குப் போடுகிற ஆளா நான்? போட்டேனே.

ஜூன் 9, திங்கள்

லீவு. வளையல் இரண்டையும் அடகு வைத்து இருபத்திரண்டாயிரம். பதினொரு மணிக்கு மூன்றாவது மாடி. பாதி வீடு அட்டைப்பெட்டியில்.

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. கவரைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். ஒரே மூச்சில். ரத்னம்மா ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை, நான் எடுத்தேன்.

அவள் நோட்டை எண்ணினாள். இந்தத் தடவை எண்ணினாள். பிறகு போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தாள்.

"தண்ணீர் கேன்?"

"கேனுக்குப் பத்து ரூபா கூட. எனக்கு."

"சமையல்காரி?"

"முதல் மாசச் சம்பளத்துல பாதி என் கமிஷன். அவகிட்டேருந்து."

"டெங்கு வந்தபோது என்னுடன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்களே. அதற்கு?"

"ஒண்ணும் இல்ல. லூர்தஸ், சத்தியமா. அதுக்கு ஒண்ணும் வாங்கல."

தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. நம்ப என்ன காரணம் வைத்திருக்கிறேன்? அந்த இரண்டு நாளையும் நானேதான் கெடுத்துக்கொண்டேன்.

"கீழே வாருங்கள், மேடம்" என்றாள். "நான் அவரிடம் பேச வேண்டும்."

மாவுக்கடை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரத்னம்மா அதை நிறுத்தினார்.

லூர்தஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். நான் தமிழில் சொன்னேன்: "மன்னிச்சுக்கங்கன்னு சொல்றா. நீங்க ஒரு மாசப் பணத்தப் புடிச்சிக்கிட்டீங்கன்னு தப்பா நெனச்சிட்டாளாம்."

"அய்யோ, நான் எங்க புடிச்சேன்? முழுசா கவர்ல வெச்சேனே!"

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லூர்தஸ், "எனக்குத் தெரியும், இப்போது தெரியும்" என்றாள். அதைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப யாரு எடுத்தாங்களாம்? கேளு ஜெயா."

கேட்டேன். ஒரு வார்த்தை மாற்றாமல், ஆங்கிலத்தில், லூர்தஸிடம்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்றார் ரத்னம்மா. "என்ன சொல்றா, சொல்லேன்."

சொன்னேன்.