குட்டியின் பக்கத்தில் ஏறிய எண்

மார்ச் 3

இன்று ஒன்று ஏறியிருக்கிறது. சலவைக்கடைக்குக் கிளம்பும் முன் குட்டியின் ஃபோனைத் திறந்து பார்த்தேன். அவள் போன பிறகும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

அவள் எழுதிய கட்டுரைகளை வரிசையாகக் காட்டுகிற அந்தப் பக்கத்தில் அவள் பேரும் எண்ணும்தான் எனக்குப் படிக்க வரும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். உயிரோடு இருந்தபோது அவளே சொல்லிக்கொடுத்தாள். "நான் இலையில வர்ற பூஞ்சையப் பத்தி எழுதினேன்ல? அத வேற ஒருத்தர் படிச்சிட்டு, தன் கட்டுரையில 'இவங்க இப்படிக் கண்டுபிடிச்சாங்க'ன்னு என் பேரப் போட்டா, இது ஒண்ணு ஏறும்மா. வேலை குடுக்கறவங்க முதல்ல இதத்தான் பாப்பாங்க."

"எழுதினதப் படிச்சுப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கெல்லாம் யாருக்கும்மா நேரம்?"

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள். என் பிள்ளையின் பேரை எவரெவரோ சொல்கிறார்கள்.

மார்ச் 9

ஏறவில்லை.

மார்ச் 17

பக்கத்தில் புதிதாக ஒரு கட்டுரை. மேலே அவள் பேர். கூடவே வருஷம் — இந்த வருஷம். இந்த வருஷத்தில் அவள் ஏது?

அவரிடம் காட்டினேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பு. ஃபோனைக் கையில்கூட வாங்கவில்லை. "செத்துப்போனவ எழுதறாளாக்கும். அத மூடி வை. பைத்தியம் புடிச்சிடும் உனக்கு."

மகள் பேரை அவர் வாயால் கேட்டே நாளாகிவிட்டது. கல்நெஞ்சு.

மார்ச் 21

குட்டியோடு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த சோடாபுட்டி வந்திருந்தாள். குட்டி வைத்த பட்டப்பேர்தான். "முன்னாடியே அனுப்பினது சில சமயம் லேட்டா வரும், குடுங்கம்மா" என்று ஆசையாகத்தான் ஃபோனை வாங்கினாள். படிக்கப் படிக்க முகம் மாறிவிட்டது.

"இது மீனப் பத்தினதும்மா. நம்மாளு மீனத் தொடக்கூட மாட்டாளே. அதே பேர்ல வேற யாரோ இருக்காங்க. பேரப் பாத்துட்டு கம்ப்யூட்டர் தானாக் கொண்டுவந்து இங்க சேத்திடுச்சு. எடுத்துடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

"அம்மா, அது தப்பு—"

"இருக்கட்டும்னு சொல்றேன்ல!"

டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

ஏப்ரல் 6

மீன்காரியின் பழைய கட்டுரைகளும் வந்து சேர்ந்துவிட்டன. எண் கிடுகிடுவென்று ஏறுகிறது. தப்பென்று தெரியும். தெரிந்தும், காலையில் பக்கத்தைத் திறந்தால் உள்ளறையில் குட்டி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுவிடும்.

ஏப்ரல் 15

கடையில் இருக்கும்போது குட்டியின் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல். குட்டியின் முழுப் பேரைச் சொல்லி, "பேசறேங்க" என்றது.

ஈரத்துணிக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு? யாரு பேசறது?"

மறுபடி அதே பேர். "என் பேரும் அதுதாங்க. அந்த மீன் கட்டுரையெல்லாம் என்னோடது. உங்க பொண்ணு திருடறாங்கன்னு நினைச்சு, கோவமா நிறைய மெயில் போட்டுட்டேன். பதிலே வரல. அவங்க படிச்ச எடத்துல கேட்டப்பதான்... எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க."

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அடுத்த வாரம் வேலைக்கு நேர்காணலாம். பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்ப்பார்களாம். ஒரு கட்டுரை ஒரு பக்கத்தில்தான் நிற்குமாம். அவளுடையதெல்லாம் இங்கே இருக்க, அங்கே காலி. இந்த ஃபோனிலிருந்துதான் எடுத்துவிட முடியுமாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று வைத்துவிட்டேன்.

தெரியாதா?

அந்த மெயில்கள் வந்தபோதெல்லாம், யாரோ என் பிள்ளையை நினைத்து எழுதுகிறார்கள் என்று எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்தேனே. அத்தனையும் வசவு.

ஏப்ரல் 18

கடையில் ஒரு வெள்ளைச் சட்டை மாறிப் போய்விட்டது. வாங்கிப் போன வங்கிக்காரர் அதையே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். திருப்பித் தர மனசில்லை. "எனக்கே தெச்ச மாதிரி இருக்குல்ல?" என்று தோளைக் குலுக்கிக் காட்டுகிறார்.

"பொருந்திட்டா உங்களுதாயிடுமா சார்? அங்க ஒரு மனுஷன் சட்டையில்லாம நிக்கறாரு!"

கடையே சிரித்தது. நானும்தான். சிரித்து முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து சோடாபுட்டியைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 19

சோடாபுட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது மீன்." அழுத்தினேன். "இதுவும் மீன்." அழுத்தினேன். "இது இலைம்மா." விரலை எடுத்துக்கொண்டேன்.

எண் மளமளவென்று இறங்கிவிட்டது. இவ்வளவுதானா என் பிள்ளை? இவ்வளவுதான். ஆனால் இவ்வளவும் அவள்.

உள்ளறையில் சத்தமில்லை. இந்தத் தடவை போய்ப் பார்த்தேன். நாற்காலி இருந்தது. அவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28

மீன்காரிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஃபோனில் அழுதாள். "இனிமே என் பேரோட எங்கம்மா பேரையும் சேத்துப் போடப்போறேங்க. இந்தக் குழப்பம் வராது."

நல்லா இரு என்றேன். பேரைச் சொல்லித்தான் வாழ்த்தினேன். அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிட்டதற்கு, "சரிம்மா" என்று பதில் வந்தது.

ஜூன் 11

கடையில் தலைக்கு மேல் வேலை. மத்தியானம் அவர் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. பதறிப்போய் எடுத்தேன்.

"இன்னிக்குப் பாத்தியா?"

"என்னத்த?"

"ஒண்ணு ஏறியிருக்கு. இலையப் பத்தினதுதான். அந்தச் சோடாபுட்டிகிட்டயும் கேட்டுட்டேன். நம்ம குட்டியோடதுதான்."

"நீங்க எங்க பாத்தீங்க?"

பின்னால் கண்டக்டர் விசில் அடிப்பது கேட்டது.

"என் ஃபோன்லயே தெனமும் பாக்கறதுதான். சரி வை, வண்டி எடுக்கணும்."

காலையில் நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.